பரிசுத்தத்தில் நாற்பத்தொரு மார்க்

எங்கள் சபையில் முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். இந்த வருஷம் மார்ச் நிலவரப்படி அவற்றில் முந்நூற்றுப் பதினொன்று பரிசுத்தமானவை. கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம், சான்றிதழ் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைக் கண்ணாடி போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறோம். தொண்ணூற்று நான்கு மார்க். தேறாமல் போன அந்த ஒரே குடும்பத்தின் தலைவர் பெயர் தனபால். கணபதிப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்தேழு வருஷமாகக் கடைசிப் பரிசோதனை பார்க்கிறவர். அளவு சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர், அவ்வளவுதான் அவருடைய வேலை. அப்பேர்ப்பட்ட ஆளிடம் போய்ப் பரிசுத்தப் படிவத்தைக் கொடுத்தது எங்கள் தப்பு.

எங்கள் தப்பு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் சபைக் கமிட்டியின் எழுத்தர். அன்னூரில் முப்பத்தாறு வருஷம் பத்திரம் எழுதிவிட்டு, மகன் வீட்டோடு இங்கே வந்து சேர்ந்தவன். கையெழுத்து மணிமணியாக இருக்கிறது என்று யாரோ சொல்லப்போக, என்னைப் பிடித்துக் கமிட்டியில் போட்டுவிட்டார்கள். அங்கே பேசுவது மற்றவர்கள் பாடு, எழுதுவது என் பாடு.

ஆரம்பித்து வைத்தது மேலிடத்துச் சுற்றறிக்கைதான். ‘சுயநலமும் உலக ஆசையும் பெருகிவிட்ட இக்காலத்தில் விசுவாசிகள் பரிசுத்தத்தை நாட வேண்டும்’ என்று முதல் வரி. அதை யாரும் படிக்கவில்லை. ‘மிகவும் பரிசுத்தமான சபைக்குச் சுழற்கோப்பை வழங்கப்படும்’ என்று கடைசி வரி. அதை எங்கள் செயலாளர் சசிதர் மூன்று தடவை வாசித்தார். போன வருஷம் தோட்டப் பராமரிப்புக் கோப்பையை அவிநாசிக்காரர்கள் தட்டிக்கொண்டு போனதிலிருந்து மனிதருக்கு வாய்க்கு ருசியாகச் சோறு இறங்கவில்லை. சசிதர் பவுண்டரி வைத்திருக்கிறார். இரும்பை உருக்கி வார்ப்பதும் சபையை நடத்துவதும் அவருக்கு ஒன்றுதான்.

கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"ஏனுங்க, நானொண்ணு கேக்கறேன். என்ற பவுண்டரில வார்ப்பு ரிஜெக்ட் ஆகறது ரெண்டு பர்சன்ட். போர்டுல எழுதித் தொங்க உட்டிருக்கறேன். நம்ம சபையில பாவம் எத்தன பர்சன்ட்டுங்க? யாருக்காச்சும் தெரியுமுங்களா?"

யாருக்கும் தெரியவில்லை. போதகர் மேஜை விரிப்பில் இருந்த பூவை எண்ணிக்கொண்டிருந்தார்.

"தெரியாதல்லங்க? அளக்காதத எப்புடிங்க சரி பண்ணுவீங்க? இயேசு சாமி பன்னெண்டு பேர ஆளெடுத்தாரு. ஒருத்தன் ரிஜெக்ட். எட்டு பர்சன்ட்டுக்கு மேல போகுதுங்க. என்ற பவுண்டரில எட்டு பர்சன்ட் வந்துச்சுன்னா சூப்பர்வைசர மாத்திப்போடுவேன். சாமியத் தப்பாச் சொல்லலீங்க. அவருக்கு அன்னைக்கு வசதி இல்ல. நமக்கு இருக்குது."

தப்பாகச் சொல்லவில்லை என்று அவரே சொல்லிவிட்டதால் நாங்களும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘செயலாளரின் ஆவிக்குரிய உரை ஏற்கப்பட்டது’ என்று நான் நோட்டில் எழுதினேன்.

பரிசுத்தத்தை அளப்பதற்கு ரித்விக் வந்தார். மில்களுக்கும் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் தரச் சான்று வாங்கித் தருகிறவர். "எங்க ஊட்ல பெருமாள் கும்படறவிய. ஆனா சிஸ்டம்ங்கறது எல்லாச் சாமிக்கும் ஒண்ணுதானுங்க" என்றார். புதிய ஏற்பாட்டை வாங்கிக்கொண்டு போனவர் பத்தே நாளில் நாற்பது கேள்வியும் இருபத்திரண்டு விதிகளும் உள்ள படிவத்தோடு திரும்பினார். இத்தனை வருஷமாக நாங்கள் அதை வெறுமனே வாசித்துக்கொண்டிருந்தோமே என்று போதகருக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

உதாரணத்துக்குத் தர்மம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பது வேத வாக்கு. ஆகவே தர்மம் செய்யும் போட்டோவைக் கைபேசி ஆப்பில் ஏற்றும்போது இடது கை படத்தில் விழக் கூடாது என்று ரித்விக் விதி எழுதினார். விழுந்தால் இரண்டு மார்க் போச்சு. ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு வெளியே பார்த்தால், பட்டுப் புடவையும் கோட்டுமாக எல்லோரும் இடது கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஒரே பிச்சைக்காரர் முன்னால் வரிசையில் நிற்பார்கள். நாலாவது வாரத்தில் அவரே, "இப்புடித் திரும்பி நில்லுங்க அம்மணி, அந்தப் பக்கம் வெளிச்சம் பத்தாது" என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். இடது கைப் பழக்கம் உள்ள நாலு பேர் விலக்குக் கேட்டு மனுப் போட்டார்கள். அவர்களுக்காகத் துணைக் கமிட்டி ஒன்று அமைத்தோம், அது இன்னும் கூடவில்லை.

மன்னிப்பு இன்னும் மோசம். காலாண்டுக்கு மூன்று பேரையாவது மன்னித்திருக்க வேண்டும், மன்னிக்கப்பட்டவரின் கைபேசி எண்ணும் தர வேண்டும். இங்கே சனங்கள் பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போட்டே வாழ்கிறவர்கள், மன்னிக்க ஆள் எங்கே கிடைக்கும்? ஒரு நாள் மகளிர் சங்கத்துப் பங்காரம்மா என் மனைவிக்குப் போன் பண்ணினார்.

"ஏனுங்க்கா, என்னையப் பத்தி நீங்க ஏதாச்சும் பொறணி பேசியிருந்தாச் சொல்லுங்க. மன்னிச்சுப்போடறேன். எனக்கு ஒண்ணு கொறையுது."

"நான் ஏனுங்க உங்களப் பத்திப் பேசறேன்? எனக்கு வேற சோலி இல்லீங்களா?"

"பரவால்லீங்க்கா, இப்பப் பேசுனீங்களே, அது போதும்."

போனை வைத்தபின் என் மனைவி பேசிய பேச்சை எழுதினால் எங்கள் தொண்ணூற்று நான்கு தொண்ணூறுக்கு வந்துவிடும்.

இப்படியாக மார்ச் முதல் வாரத்தில் எல்லாப் படிவங்களும் வந்து சேர்ந்தன. ஒருவரைத் தவிர யாரும் தொண்ணூறுக்குக் குறையவில்லை. சசிதர் தொண்ணூற்றொன்பது, ஒரு மார்க்கைத் தாழ்மைக்காக விட்டு வைத்ததாகச் சொன்னார். போதகர் தொண்ணூற்றெட்டு, செயலாளரைவிடக் கூடுதலாகப் போட அவருக்குத் தைரியம் வரவில்லை.

தனபாலின் படிவத்தோடு மட்டும் ஒரு பாக்கெட் நோட்டின் ஜெராக்ஸ் பக்கங்கள் நூலில் கட்டியிருந்தன. மனிதர் ஏழு நாளும் சட்டைப் பையில் நோட்டை வைத்துக்கொண்டு தன்னைத் தானே எண்ணியிருக்கிறார். கோபம் பதினான்கு. பொறாமை ஆறு, அதில் ஐந்து ஒரே ஆள்மேல். ஜெபத்துக்கு உட்கார்ந்தது இருபத்திரண்டு தடவை, வேறு நினைப்பு வந்தது பத்தொன்பது தடவை. பொய், பூஜ்யம். ரித்விக் கூட்டிப் பார்த்து நாற்பத்தொன்று என்றார்.

சசிதருக்கு வேர்த்துவிட்டது. ஒரு குடும்பம் தேறாவிட்டாலும் கோப்பை கிடையாது. கூப்பிட்டு மறுபடியும் ஒரு வாரம் அளக்கச் சொன்னார். தனபால் தட்டாமல் அளந்துகொண்டு வந்தார். இந்த முறை கோபம் பத்தொன்பது.

"அஞ்சு கூடிப்போச்சுங்க. அஞ்சும் இந்தப் படிவத்து மேலதானுங்க வந்துச்சு" என்றார்.

இதில் வேடிக்கை பார்த்துச் சிரித்துவிட்டுப் போக முடியாத சங்கதி ஒன்று இருந்தது. தனபாலுக்கு ஒரே மகள் எப்சிபா. மே இரண்டாவது வாரம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு வெள்ளகோவில். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் அதை அறிவித்து, ‘தடை ஏதும் உண்டா’ என்று கேட்க வேண்டும். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். ஓலை வாசிக்காமல் எந்தப் போதகரும் தாலி எடுத்துக் கொடுக்கமாட்டார். ரித்விக்கின் பதினான்காம் விதி, எண்பதுக்குக் குறைந்த குடும்பத்துக்கு ஓலை வாசிப்பை நிறுத்தி வைக்கச் சொன்னது. மாப்பிள்ளையின் அம்மா போனிலேயே சொல்லிவிட்டார்: "உங்க சபையில ஓலை வாசிக்கலீன்னா, பொண்ணு ஊட்ல என்ன கோளாறுன்னு எங்க சனம் கேக்குமுங்க. நாங்க என்ன பதில் சொல்றது?"

நாங்கள் நாலு பேர் தனபால் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி ஜெயசீலி டீயும் முறுக்கும் வைத்தார். எப்சிபா கதவோரம் நின்றாள். சசிதர்தான் ஆரம்பித்தார்.

"தனபாலண்ணா, கோபம் பதினாலுன்னு இருக்குதல்லங்க, அத ஒண்ணுன்னு போட்டுப்போடுங்க."

"ஒண்ணு இல்லீங்களே."

"கூடக் கொறச்சு ஒரு அளவு உடறதில்லீங்களா? உங்க கம்பெனியில குடுக்கமாட்டீங்களா?"

"குடுப்பமுங்க. ஒரு தலைமுடி கனத்துல பத்துல ஒரு பங்கு. பதினால ஒண்ணாக்கற அளவுக்கு யாரும் குடுக்கமாட்டாங்க."

சசிதர் ரித்விக்கைப் பார்த்தார். தனபால் யோசித்துவிட்டு, "அப்புடி மாத்திப் போட்டா அது பொய்யாயிருமுங்களே. பொய்யிங்கற எடத்துல ஒண்ணு ஏத்தோணுமே" என்றார்.

ரித்விக் லேப்டாப்பைத் திறந்தார். "தாராளமா ஏத்திக்கலாமுங்க. ஒரு பொய்க்கு ரெண்டு மார்க்தான் எறங்கும். மத்ததுல அம்பத்து மூணு ஏறுது. கழிச்சாத் தொண்ணூத்தி ரெண்டு. பொய் சொல்றது உங்களுக்கு லாபந்தானுங்க."

அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

தனபால் போதகரிடம் திரும்பினார். "ஐயா, நீங்க சொல்லுங்க."

போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பரிசுத்தம்ங்கறது ஒரே நாள்ல வந்துராதுங்க தனபால். மொதல்ல சான்றிதழ் வரட்டும். பரிசுத்தம் பின்னால மெதுவா வந்து சேரும். ஜெபிப்போமா?"

"செத்த இருங்கய்யா" என்றார் தனபால். "நான் நெசமாவே சுத்தமாகோணும்னுதானுங்க உக்காந்து எண்ணுனேன். பதினாலுன்னு வந்தப்ப எனக்கே அருவருப்பாப் போச்சுங்க. நான் நல்லவன்னு நெனச்சுட்டு இருந்தவனுங்க. இந்தப் பதினால எப்புடிக் கொறைக்கறதுன்னு நீங்க யாராச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன். காயிதத்துலதான் கொறைக்கச் சொல்றீங்க."

நான் முறுக்கைக் கடித்தேன். அந்த அமைதியில் அது ஊருக்கே கேட்டது.

அப்போதுதான் எப்சிபா வாயைத் திறந்தாள். "உங்க நேர்மைக்கு என்ற கல்யாணம் ஏம்ப்பா நிக்கோணும்?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். தனபால் மகளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எழுதுங்க. எனக்குக் கை வராதுங்க. நீங்க எழுதுனாக் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

எழுதினேன். கோபம் ஒன்று. பொறாமை இல்லை. ஜெபத்தில் வேறு நினைப்பு இல்லை. அடியில், ‘எவருடைய தூண்டுதலும் இன்றி என் மனசாட்சிப்படி எழுதியது’ என்று ஒரு வரி இருந்தது. பத்திரத்தில் ஆயிரம் தடவை எழுதிய வரிதான். எழுதி நீட்டியதும் கையெழுத்துப் போட்டார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை, டீ ஆறிப்போகிறதே என்றுதான் இருந்தது.

ஏப்ரலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு கோப்பை வழங்கும் விழாவும் திருவிருந்து ஆராதனையும் சேர்ந்து வந்தது. மேலிடத்திலிருந்து வந்த விருந்தினர் வெள்ளை அங்கியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பந்தலுக்கு வாழைமரம் கட்டியிருந்தோம். வெளியே பிரியாணி தம்மில் இருந்தது. அதன் மணம் உள்ளே வந்து முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் ஜெபத்தையும் கலைத்துக்கொண்டிருந்தது.

கோப்பையை வாங்கிக்கொண்ட சசிதர் மைக்கை விடவில்லை. மேலிடத்தின் ஆலோசனைப்படி இந்த வருஷம் புதிதாக ஒரு பரிசு, ‘சிறந்த முன்னேற்றக் குடும்பம்’ என்று அறிவித்தார். மூன்றே வாரத்தில் நாற்பத்தொன்றிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்கு ஏறிய சகோதரர் தனபால் மேடைக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும். கை தட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனபாலுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அவரிடம் முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. எழுந்து போனார். நேராக நின்று மைக்கைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரமுங்க. இந்தத் தொண்ணூத்தி ரெண்டு பொய்யுங்க."

தனபால் மைக்குக்கு இன்னும் கிட்டத்தில் நகர்ந்தார்.

"என்ற அளவு நாப்பத்தொண்ணுதான். புள்ள கல்யாணம் நின்னுபோயிருமுன்னு பயந்து, மாத்தி எழுதுனதுல கையெழுத்துப் போட்டுப்போட்டேன். என்னைய என்ன வேணா பண்ணுங்க. புள்ளையோட ஓலைய மட்டும் நிறுத்திப்போடாதீங்க. அது ஒரு தப்பும் பண்ணலீங்க."

எப்சிபா அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுதியது யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்றுதான் முதலில் யோசித்தேன், அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது. போச்சு, கோப்பை போச்சு, ஓலை போச்சு, என் மானமும் போச்சு.

ஆனால் சசிதர் உருகிய இரும்பு கொட்டுவதை நேரில் பார்த்தவர். ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. தனபாலின் தோளில் கையைப் போட்டு மைக்கை வாங்கினார்.

"பாத்தீங்களா சபையாரே! தொண்ணூத்தி ரெண்டு வாங்கிப்போட்டு நாப்பத்தொண்ணுங்கறாரு. இதுதானுங்க தாழ்மை. நம்ம யாராச்சும் இப்புடிச் சொல்லுவமா? மனசத் தொட்டுச் சொல்லுங்க."

மனசைத் தொட்டுப் பார்த்தார்கள். யாரும் சொல்ல மாட்டார்கள்தான். கைதட்டல் கிளம்பியது. "இல்லீங்க, நெசமாலுமே பொய்யுங்க" என்று தனபால் மைக்குக்கு எட்டி எட்டிச் சொன்னார். அவர் சொல்லச் சொல்லக் கைதட்டல் கூடியது. விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து அவருக்கு நீலச் சால்வை போர்த்தினார். தன் ஊழியத்தில் இப்படி ஒரு தாழ்மையைக் கண்டதில்லை என்றார். பின்வரிசையில் லேப்டாப்போடு இருந்த ரித்விக், சசிதரைப் பார்த்து ஆறு விரலை விரித்துக் காட்டினார். தாழ்மைக்கு ஆறு மார்க். தனபாலுக்கு இப்போது தொண்ணூற்றெட்டு. நானும் தட்டினேன். மற்றவர்களைவிட ஓங்கியே தட்டினேன் என்று நினைக்கிறேன்.

அந்தச் சூட்டோடு போதகர் மூன்றாவது ஓலையை வாசித்தார். வெள்ளகோவில் சபை இன்னாருடைய மகனுக்கும் இச்சபை தனபாலுடைய மகள் எப்சிபாவுக்கும் நடக்க இருக்கிற விவாகத்துக்கு நியாயமான தடை யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்றார். ஒரு தடையும் இல்லை. அவள் அம்மா தோளில் முகம் புதைத்து அழுதாள். கல்யாணம் நடந்துவிடும். உண்மையும் சொல்லியாயிற்று, ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம், நானும் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தனபால் வந்து என் பக்கத்தில் பழையபடி உட்கார்ந்தார். சால்வையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முன்னால் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நீங்கதானுங்களே எழுதுனீங்க. நீங்களாச்சும் எந்திரிச்சு ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க."

வெட்கத்தில் காது சுட்டது. அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு வெட்கம் வந்ததே இல்லை.

திருவிருந்துக்கு அழைப்பு வந்தது. தங்களைத் தாங்களே சோதித்து அறிந்தவர்கள் அப்பத்திலும் பாத்திரத்திலும் பங்குபெற வரலாம் என்றார் போதகர். பாட்டு எழுந்தது. வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். சசிதர் போனார், பங்காரம்மா போனார், என் மனைவி பெண்கள் பக்கமிருந்து போனாள். எங்கள் பெஞ்சின் முறை வந்தது. நான் சுவரோரம், தனபால் நடைபாதையோரம். அவர் எழுந்திருக்கவில்லை.

"வரலீங்களா?" என்றேன்.

"இன்னைக்கு எனக்கு ஆகாதுங்க. நீங்க போங்க."

சொல்லிவிட்டு, நான் தாண்டிப் போவதற்காக முழங்காலை ஒடுக்கிக்கொண்டு வழி விட்டார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். பின்னால் இருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. அவரைத் தாண்டிப் போய், வரிசையில் நின்று, மண்டியிட்டு, எழுதிய இந்தக் கையைத்தான் நீட்டினேன்.